செல்லை உடைத்தால் கரண்ட் கொட்டுமா? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

சாயந்தர வகுப்பு அக்கா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் சாயந்தர வகுப்பு எடுக்கிறேன். எல்லாம் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். போன வாரம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. டார்ச்சை அடித்துச் சுவரில் சாய்த்து வைத்தேன். உடனே ஒரு பையன், "அக்கா, ஊருக்கே கரண்ட் இல்ல, இதுக்கு மட்டும் எங்க இருந்து வருது?" என்றான். "உள்ள செல் இருக்குடா" என்றேன். "செல்லுக்குள்ள யாரு கரண்டை ஊத்துனா? உடைச்சா கொட்டுமா? ஷாக் அடிக்குமா?"

"வேதி ஆற்றல் மின் ஆற்றலாக மாறுகிறது" என்பது எனக்குத் தெரியும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொன்னால் ஒரு புரியாத சொல்லுக்குப் பதில் இரண்டு புரியாத சொற்களைக் கொடுத்த மாதிரிதான் ஆகும். பொய்யும் சொல்லக் கூடாது, பெரிய வகுப்புக்குப் போனதும் "அக்கா சொன்னது தப்பு" என்று அழித்துவிட்டுப் புதிதாகப் படிக்கிற மாதிரியும் இருக்கக் கூடாது. கையால் செய்து பார்க்க ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது. செலவு கம்மியாக இருக்கட்டும், வகுப்பில் இருபது பிள்ளைகள்.

வழிப்போக்கன் எழுதியது:

சின்னப் பிள்ளைங்கதானே சிஸ்டர். கம்பெனில கரண்டை டப்பாக்குள்ள அடைச்சு அனுப்புறாங்க, நாம கொஞ்சம் கொஞ்சமா எடுக்குறோம், தீர்ந்ததும் தூக்கிப் போடுறோம்னு சொன்னா போதும். மத்ததெல்லாம் பெரிய கிளாஸ்ல படிச்சுக்குவாங்க.

தேவகோட்டை வேதியியல் எழுதியது:

டீச்சர், தயவுசெய்து மேலே உள்ளதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மின்வேதியியல் பாடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட இடறுகிற இடம் இதுதான். செல்லுக்குள் கரண்டை அடைத்து வைத்திருக்கிறது என்று எட்டு வயதில் மனசில் பதிந்துவிட்டால் பதினேழு வயதிலும் அது லேசில் போகாது.

அந்தப் பையனுக்கு நேரான பதிலே இருக்கிறது. செல்லுக்குள் யாரும் கரண்டை ஊற்றவில்லை. உடைத்தால் கரண்ட் கொட்டாது, ஷாக்கும் அடிக்காது. உள்ளே இருப்பவை இரண்டு பொருள்கள். ஒன்று கொடுக்கத் தயாராக இருக்கிறது, இன்னொன்று வாங்கத் தயாராக இருக்கிறது. இரண்டையும் நேருக்கு நேர் சேரவிடாமல் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் பேட்டரி.

பெட்டிக்கடையில் விற்கிற சாதா டார்ச் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒட்டியிருக்கும் உறையை நீக்கினால் துத்தநாகத் தகட்டில் செய்த ஒரு குவளை தெரியும். அதன் அடிப்பக்கம்தான் மைனஸ். நடுவில் கருப்பாக ஒரு கார்பன் குச்சி, அதன் தலையில் இருக்கும் சின்னத் தொப்பி பிளஸ். குச்சியைச் சுற்றி இறுக்கி அடைத்திருக்கும் கருப்புப் பொடி மாங்கனீஸ் டை ஆக்சைடு, அதோடு கொஞ்சம் கரித்தூளும் கலந்திருக்கும். கருப்புப் பொடிக்கும் துத்தநாகத்துக்கும் நடுவே ஒரு பசைத்தாள். உப்புக் கரைசலில் ஊறிய ஈரத் தாள். எங்கள் காலத்தில் தீர்ந்த செல்லைக் கல்லால் தட்டி அந்தக் குச்சியை எடுத்துச் சுவரில் கோடு போடாத பிள்ளையே கிடையாது.

துத்தநாகம் எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரையப் பார்க்கும். மாங்கனீஸ் டை ஆக்சைடு எலக்ட்ரான்களை வாங்கப் பார்க்கும். நடுவில் உள்ள ஈரத் தாள் எலக்ட்ரானை விடாது, அயனிகளை (மின்சுமை ஏறிய அணுக்களை) மட்டும் விடும். எலக்ட்ரானுக்கு ஒரே வழி வெளியே இருக்கிற கம்பிதான்.

இதைச் சின்னப் பிள்ளைகளுக்கு நான் விளையாட்டாகத்தான் நடத்துவேன். தரையில் சாக்பீஸால் ஒட்டினாற்போல் இரண்டு வீடு வரையுங்கள். நடுச்சுவரில் ஒரு கம்பி ஜன்னல். முதல் வீட்டில் பத்துப் பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்கட்டும். பக்கத்து வீட்டில் நிறைய இடம், டிவியும் ஓடுகிறது. எல்லாருக்கும் அங்கே போக ஆசை. ஜன்னல் கம்பி வழியாகச் சுண்டல் பொட்டலத்தைக் கைமாற்றலாம், ஆள் நுழைய முடியாது. வாசலுக்கு வந்து தெருவைச் சுற்றித்தான் போக வேண்டும். வாசல் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. அந்தக் கதவுதான் சுவிட்ச். கதவைத் திறந்ததும் ஒவ்வொருவராக ஓடுவார்கள். தெருவில் ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி, ஓடுகிறவர்கள் எல்லாரும் அவனைத் தொட்டுச் சுற்றிவிட்டுப் போகட்டும். அவன் சுற்றுவதுதான் பல்பு எரிவது. கடைசிப் பிள்ளையும் பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டால் ஓட ஆளில்லை, சுற்றுவதும் நின்றுவிடும். செல் தீர்ந்தது.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, "பிள்ளைகள் யாராவது காணாமல் போனார்களா?" என்று கேளுங்கள். யாரும் போகவில்லை. இடம்தான் மாறியிருக்கிறார்கள். இது ஒன்று புரிந்தால் போதும், பாதிப் பாடம் முடிந்தது. பிள்ளைகளுக்கு எலக்ட்ரான் என்று பேர் வைத்துவிடுங்கள். பேர் சொல்லப் பயப்பட வேண்டாம், டைனோசர் பேரையெல்லாம் சொல்கிற வயசு அது.

அதே விளையாட்டிலேயே இன்னொன்றும் காட்டலாம். டார்ச்சுக்குப் போடும் பெரிய செல்லையும் ரிமோட்டுக்குப் போடும் சின்னச் செல்லையும் பக்கத்தில் வைத்து, மேலே எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் 1.5 வோல்ட்தான் இருக்கும். பெரிய செல்லில் ஏன் அதிகம் இல்லை? இரண்டிலும் அதே துத்தநாகம், அதே மாங்கனீஸ் டை ஆக்சைடு. போகிற ஆசை ஒன்றுதான், பெரிய வீட்டில் பிள்ளைகள் அதிகம், அதனால் அதிக நேரம் ஓடும். வோல்ட் என்பது அந்த ஆசையின் அளவு.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். இந்த விளையாட்டில் முதல் பிள்ளை வந்து சேரும் வரை பல்பு காத்திருக்கிற மாதிரித் தெரியும். நிஜத்தில் கம்பி முழுக்க ஏற்கெனவே எலக்ட்ரான்கள் இருக்கின்றன, சுவிட்ச் போட்டதும் எல்லாம் ஒன்றாக நகரும். பெரிய பிள்ளைகள் யாராவது கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

கையால் செய்ய எலுமிச்சம்பழம் போதும். நாலு பழம், நாலு ஜி.ஐ. ஆணி (துத்தநாகம் பூசியது, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்), வயரிங் வேலையில் மிச்சமான தடித்த செம்புக் கம்பித் துண்டுகள், ஒரு சிவப்பு எல்.இ.டி. பழத்தைத் தரையில் வைத்து உள்ளங்கையால் உருட்டிச் சாறு கட்டச் செய்யுங்கள். ஒவ்வொரு பழத்திலும் ஒரு ஆணி, ஒரு செம்பு. உள்ளே இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. முதல் பழத்தின் செம்பை இரண்டாவது பழத்தின் ஆணியோடு இணைத்து அப்படியே வரிசையாகப் போங்கள். கடைசியில் ஒரு ஆணியும் ஒரு செம்பும் மிஞ்சும். எல்.இ.டி.யின் நீளக் கால் செம்புக்கு, குட்டைக் கால் ஆணிக்கு.

ஒரு பழம் ஏறத்தாழ 0.9 வோல்ட் தரும். சிவப்பு எல்.இ.டி.க்கு 1.8 வோல்ட் போலத் தேவை. இரண்டு பழம் போதும் என்று கணக்கு சொல்லும், ஆனால் இணைத்ததும் வோல்ட் இறங்கிவிடும், அதனால்தான் நாலு. வெளிச்சம் மங்கலாகத்தான் வரும், ஜன்னலைச் சாத்திவிட்டுக் காட்டுங்கள். டார்ச் பல்பைப் போட்டுப் பார்க்க வேண்டாம், அதற்கு வேண்டிய கரண்டில் நூறில் ஒரு பங்குகூட இந்தப் பழங்களால் தர முடியாது.

எல்.இ.டி. எரிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் "பழத்துல கரண்ட் இருக்கு!" என்று கத்துவார்கள். அப்படியே விட்டுவிடாதீர்கள். நாலு பழத்திலும் ஆணியை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் செம்புக் கம்பியையே குத்துங்கள். பழம் அதே பழம், சாறு அதே சாறு, விளக்கு எரியாது. ஆற்றல் வந்தது ஆணியின் மேல் இருந்த துத்தநாகத்திலிருந்து. பழச்சாறு நடுவில் இருக்கிற ஈரத் தாளின் வேலையைச் செய்கிறது, செம்பிடம் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் ஹைட்ரஜன் அயனியையும் கொடுக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து ஆணியைப் பிடுங்கிப் பார்த்தால் சாற்றில் இருந்த பாகம் பளபளப்புப் போய் மங்கியிருக்கும். செலவானது எது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அந்தப் பழங்களை யாரும் சாப்பிடக் கூடாது, சாற்றில் துத்தநாகம் கரைந்திருக்கும்.

இதைத்தான் இத்தாலிக்காரர் வோல்டா 1800-ல் செய்தார். துத்தநாக வில்லை, வெள்ளி வில்லை, நடுவில் உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை, இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். உலகத்தின் முதல் பேட்டரி அதுதான், வோல்ட் என்பது அவர் பெயர். உங்கள் நாலு எலுமிச்சம்பழமும் அந்த அடுக்கும் ஒரே ஏற்பாடுதான்.

எங்கள் பக்கத்து ஊரான காரைக்குடியில் இதற்கென்றே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் அடிக்கல் நாட்டியது. பேட்டரி ஆராய்ச்சி அங்கே முக்கியமான வேலை. பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சொல்லி வையுங்கள். நம் பக்கத்துப் பிள்ளை ஒன்று நாளைக்கு அங்கே வேலை பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

உடைத்துக் காட்டுவதானால் சாதா டார்ச் செல்லை மட்டும், நீங்கள் மட்டும், கையுறை போட்டுக்கொண்டு. ஆல்கலைன் என்று எழுதியிருந்தால் உடைக்கவே வேண்டாம், உள்ளே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது, தோலையும் கண்ணையும் அரித்துவிடும். செல்போன் பேட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கும்.

இன்வெர்ட்டர் பேட்டரி சர்வீஸ் எழுதியது:

சார் நல்லா சொல்லிருக்கார். டீச்சர், பசங்க கண்டிப்பா அடுத்து இதக் கேப்பாங்க: "எங்க வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மட்டும் ஏன் தீர மாட்டேங்குது, அதுக்கு ஏன் சார்ஜ் ஏத்துறோம்?" அதுக்கு நான் சொல்றேன், தினமும் இதுலதான் என் கை இருக்கு.

அந்த பெரிய பேட்டரிக்குள்ள ஆறு அறை இருக்கு. ஒவ்வொரு அறையும் 2 வோல்ட், மொத்தம் 12. ஒவ்வொரு அறையிலயும் ஈயத் தகடு ஒரு பக்கம், ஈய டை ஆக்சைடு தகடு மறு பக்கம், நடுவுல தண்ணி கலந்த கந்தக அமிலம். ஃபேன் ஓடும்போது ரெண்டு தகட்டு மேலயும் ஈய சல்பேட் படியும், ஆசிட் அதுல போய் ஒட்டிக்கிறதால மிச்சம் இருக்கறது தண்ணியாகிக்கிட்டே வரும். கரண்ட் வந்ததும் சார்ஜர் எலக்ட்ரானை எதிர்ப்பக்கமா தள்ளும். படிஞ்ச சல்பேட் திரும்ப ஈயமா, ஈய டை ஆக்சைடா மாறி, ஆசிட்டும் திரும்ப வந்துடும். சார் விளையாட்டுல சொன்னா, பிள்ளைங்களைப் பிடிச்சுப் பழைய வீட்டுக்கே திருப்பி அனுப்புறது. அவங்களா போக மாட்டாங்க, தள்ளணும். அந்தத் தள்ளுற வேலையை ஈ.பி. கரண்ட் செய்யுது.

நான் ஹைட்ரோமீட்டர் (ஆசிட் எவ்வளவு அடர்த்தியா இருக்குன்னு காட்டுற கருவி) போட்டுப் பார்ப்பேன். ஃபுல் சார்ஜ்ல மிதவை 1.25க்கு மேல காட்டும், நல்லா இறங்கின பேட்டரில 1.15 பக்கத்துல வந்துடும். ஆசிட் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு கண்ணால பாக்கலாம். பசங்களைத் தூரத்துல நிக்க வச்சு மெக்கானிக் யாரையாவது விட்டுக் காட்டச் சொல்லுங்க, அவங்க கை வைக்க வேண்டாம்.

டிஸ்டில்டு வாட்டர் ஏன் ஊத்துறோம்னா, சார்ஜ் ஏறும்போது தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஹைட்ரஜன், ஆக்சிஜன் வாயுவா பிரிஞ்சு வெளிய போயிடும். ஆசிட் போகாது. அதனால தண்ணி மட்டும் ஊத்துனா போதும். குழாத் தண்ணி ஊத்திடாதீங்க, அதுல இருக்குற உப்பு தகட்டைக் கெடுத்துடும். அப்புறம், மாசக்கணக்குல சார்ஜ் இல்லாம போட்டு வச்சா சல்பேட் கெட்டிப்பட்டுத் திரும்ப மாறாது. கடைக்கு வர்ற செத்த பேட்டரில பாதி இந்தக் கேஸ்தான். லீவுக்கு ஊருக்குப் போறவங்க இதைக் கவனிக்கணும்.

டார்ச் செல்லை சார்ஜர்ல போடலாமான்னும் கேப்பாங்க. கூடாது. கரைஞ்ச துத்தநாகம் பழைய குவளையா ஒழுங்காத் திரும்பி வராது, உள்ள வாயு சேந்து செல் கசியும், வெடிக்கவும் வாய்ப்பு இருக்கு. ரீசார்ஜபிள்னு எழுதிருந்தா மட்டும்தான் சார்ஜர்.

குழந்தைகள் வார்டு செவிலி எழுதியது:

சின்னப் பிள்ளைகள் வகுப்பு என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். விளையாட்டுப் பொம்மை, எடை மெஷின், கார் சாவி இவற்றில் இருக்கும் காசு மாதிரியான பட்டன் செல்லை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள 3 வோல்ட் லித்தியம் செல் ஒரு குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஈரமான சதைதான் அப்போது கம்பியின் வேலையைச் செய்கிறது. கரண்ட் ஓடி, மைனஸ் பக்கத்தில் காரம் (அமிலம் மாதிரியே அரிக்கும் பொருள்) உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் சதையை ஆழமாக அரித்துவிடும். செல் கசிய வேண்டும் என்றுகூட இல்லை. பொம்மை ஓடாத "தீர்ந்த" செல்லிலும் இதற்குப் போதுமான வோல்ட் மிச்சம் இருக்கும்.

விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், வாழைப்பழம் கொடுத்து வெளியே வரும் என்று காத்திருக்காமல், எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். மூக்கில், காதில் போட்டுக்கொண்டாலும் அப்படித்தான். செல் இருக்கிற மூடியில் திருகு இல்லாத பொம்மையை வீட்டில் வைக்காதீர்கள் என்று பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள் தங்கச்சி.

சாயந்தர வகுப்பு அக்கா எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சிஸ்டர், நீங்கள் சொன்னதை அப்படியே பெற்றோர் குழுவில் போட்டுவிட்டேன்.

நேற்று சாக்பீஸ் வீடு விளையாடினோம். எல்லாரும் முதல் வீட்டில்தான் நிற்பேன் என்று அடம். அப்புறம் எலுமிச்சம்பழம். ஜன்னலைச் சாத்தியும் வெளிச்சம் போதவில்லை, துண்டைப் போட்டு மூடி ஒவ்வொருவராகத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். சிவப்பாக ஒரு பொட்டு மாதிரித் தெரிந்தது. ஐயா சொன்ன மாதிரியே "பழத்துல கரண்ட்" என்று கத்தினார்கள். உடனே ஒரு பெண், "அப்ப எலுமிச்சை சாதம் சாப்பிட்டா ஏன் ஷாக் அடிக்கல?" என்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் நாலு ஆணியையும் பிடுங்கிச் செம்பைக் குத்தினேன். விளக்கு அணைந்தது. அவளே, "ஆணிதான் குடுக்குது, பழம் சும்மா வழி விடுது" என்றாள்.

இப்போது புதுக் கேள்விகள். டார்ச் கேட்ட அதே பையன், "தீர்ந்த செல் புது செல்லை விட எடை கம்மியா இருக்குமா?" என்கிறான். இன்னொருத்தி, அவங்க ஆச்சி தீர்ந்த செல்லை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவார்களாம், ரிமோட் வேலை செய்யுமாம். சூரியன் சார்ஜ் ஏற்றுகிறதா என்று கேட்கிறாள். ரிமோட்டில் செல்லை உருட்டிவிட்டால் ஏன் வேலை செய்கிறது என்று எனக்கே ஒரு கேள்வி.

தேவகோட்டை வேதியியல் எழுதியது:

அந்தப் பெண் சொன்ன வாக்கியத்தை நான் பிளஸ் டூவில் எழுத வைக்கப் பாடுபட்டிருக்கிறேன். "ஆணிதான் குடுக்குது, பழம் வழி விடுது." நோட்டில் அவள் பெயர் போட்டு எழுதி வையுங்கள்.

எடை குறையாது. மைனஸ் பக்கம் வெளியே போகிற ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் ஈடாக ஒன்று பிளஸ் பக்கம் உள்ளே வந்துவிடுகிறது. துத்தநாகம் கரைந்தாலும் செல்லுக்குள்ளேதான் வேறு சேர்மமாக இருக்கிறது. கசிந்திருந்தால் ஒழிய மளிகைக்கடைத் தராசில் வித்தியாசமே தெரியாது. பையனையே கடைக்கு அனுப்பி நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எடையில் தெரியாதது ஆல்கலைன் செல்லில் வேறு விதமாகத் தெரியும். புதுசு ஒன்று, தீர்ந்தது ஒன்று, இரண்டையும் நிமிர்த்திப் பிடித்து, சிமெண்டுத் தரைக்கு ஒரு ஜாண் உயரத்திலிருந்து மைனஸ் பக்கம் கீழே படும்படி விடுங்கள். புதுசு தொப்பென்று விழும், தீர்ந்தது துள்ளும். புதுச் செல்லில் துத்தநாகம் தூளாகக் கூழில் கலந்திருக்கிறது, அது விழுகிற வேகத்தை உள்வாங்கிக்கொள்ளும். செலவாகச் செலவாகத் துத்தநாக ஆக்சைடாகி ஒன்றோடொன்று பிணைந்து இறுகிவிடுகிறது. பாதி செலவானதுமே நன்றாகத் துள்ள ஆரம்பித்துவிடும், அதனால் துள்ளுகிற செல்லை எல்லாம் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதுசா, ஓடியதா என்று பார்க்க மட்டும் இது உதவும். செல்லை உடைக்காமல் உள்ளே நடந்த மாற்றத்தைப் பிள்ளைகள் காதால் கேட்கிற வித்தை இது.

ஆச்சி செய்வது பலிக்கத்தான் செய்கிறது, ஆனால் சூரியன் சார்ஜ் ஏற்றவில்லை. தீர்ந்தது என்று நாம் சொல்கிற செல்லில் துத்தநாகமும் கருப்புப் பொடியும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். வேண்டிய வேகத்தில் சேர முடியாமல் திணறுகின்றன. சூடு பட்டதும் வேதிவினை வேகமெடுக்கும், பசைக்குள் அயனிகளும் சுலபமாக நகரும். சும்மா எடுத்து வைத்திருந்தாலே ஓரளவு தேறும். ரிமோட்டுக்கு மிகக் குறைந்த கரண்ட் போதும், அதனால் இன்னும் கொஞ்ச நாள் ஓடுகிறது. வெயில் சரி, அடுப்புப் பக்கமோ கங்கிலோ வைத்துவிட வேண்டாம் என்று ஆச்சியிடம் சொல்லச் சொல்லுங்கள், வெடிக்கும்.

உருட்டுவதில் செல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. செல்லின் முனையிலும் ரிமோட் ஸ்பிரிங்கிலும் மெல்லிய அழுக்குப் படலம் படிந்திருக்கும். உருட்டும்போது அது உரசிப் போய், உலோகமும் உலோகமும் சரியாகத் தொடுகின்றன. வாசல் கதவு பாதி சிக்கியிருந்ததை விடுவித்த மாதிரி.

ஆச்சியின் ரிமோட்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ ஏதாவது பூத்திருக்கிறதா என்று அந்தப் பெண்ணை வெறுமனே பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். சாதா செல்லில் துத்தநாகக் குவளைதான் செலவாகிற பொருள். ஓட ஓட அது மெலிந்து ஓட்டை விழுந்து உள்ளே இருக்கும் ஈரம் கசியும். வெயிலில் வைத்து வைத்துக் கடைசிச் சொட்டு வரை ஓட்டுகிற செல்லில் இது அதிகம் நடக்கும். பூத்திருந்தால் செல்லைக் கழற்றிவிட்டுப் பெரியவர்கள் யாராவது ஆப்ப சோடா கரைத்த தண்ணீர் தொட்ட பஞ்சால் ஸ்பிரிங்கைத் துடைத்து, நன்றாகக் காயவைத்துப் புதுச் செல் போடட்டும்.